பன்னிரண்டு தப்படி

"சாமி, என் பொண்ணை வர வேணாம்னு சொல்லிடுங்க."

பச்சையம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"எந்தப் பொண்ணு?"

"எனக்கு இருக்கிறது ஒண்ணுதானே சாமி. ரேணுகா. நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுல வர்றாளாம். கைக்குழந்தையோட."

"வரட்டுமே."

"விடியற நேரம் சாமி" என்றார் முனிரத்தினம்.

மலையடிவாரத்தில், ஏரிக்கரை முடிகிற இடத்தில் இருக்கிறது அந்த மடம். மடம் என்றதும் கோபுரம், காவி என்று கற்பனையை ஓட்டிவிடாதீர்கள். இரண்டு அறை, ஓர் அடுப்படி, சுற்றிலும் முள்வேலி, ஓர் இரும்புக் கேட். அவ்வளவுதான். அந்த வழியாகப் போகிற யாருக்கும் விடிந்ததும் ஒரு கிண்ணம் கூழ் உண்டு.

ஊற்றுகிறவள் பச்சையம்மா. நாற்பது வயதுதான் இருக்கும். அவள் யாருக்கும் உபதேசம் செய்து யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் ஊர் அவளைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறது.

முனிரத்தினம் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்தவர். மூன்று வருடமாக மடத்தில் இருக்கிறார். விடிவதற்கு முன்பே எழுந்து, கையில் ஒரு கம்போடு கேட்டில் காவல் நிற்பார். சூரியன் ஏரிக்கு மேலே வந்தால்தான் நகர்வார்.

இந்த மடத்தில் திருட என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதற்குக் காரணம் ஆட்டுக்காரர் கன்னியப்பன். போன மார்கழியில் ஒருநாள் பனிமூட்டத்துக்குள்ளிருந்து பேசாமல் கேட்டுக்கு வந்தவர், முனிரத்தினம் கையால் அடி வாங்கி ஒரு வாரம் படுத்திருந்தார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் விடியலில் வருகிற எல்லோரும் தூரத்திலேயே தங்கள் பெயரைக் கத்திக்கொண்டு வருவார்கள்.

"கன்னியப்பன் வர்றேன்! ஆடுங்க பதினாலு, நான் ஒருத்தன்! கன்னியப்பன் வர்றேன்!"

ஊரே சிரிக்கும். முனிரத்தினம் மட்டும் சிரிக்க மாட்டார்.

ரேணுகாவுக்கு இந்த வழக்கம் தெரியாது. தெரிந்திருந்தாலும் அப்பாவிடம் வருவதற்குப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எந்தப் பெண்ணுக்குத் தோன்றும்?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை. வீட்டு வாசலில் நின்றிருந்த அப்பாவுக்குப் பின்னால் காபி டம்ளரோடு வந்து, தோளைத் தொட்டாள் ரேணுகா. அடுத்து என்ன நடந்தது என்று முனிரத்தினத்துக்கு இன்றுவரை தெரியாது. நினைவு வந்தபோது மகள் தரையில் கிடந்தாள். அவருடைய முழங்கால் அவள் நெஞ்சின் மேல் இருந்தது.

தோள்பட்டை எலும்பில் விரிசல். தாயில்லாத பெண். அவள் அழவில்லை. "ஒண்ணுமில்லப்பா" என்றாள்.

அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியாமல்தான் அவர் அன்றே வீட்டை விட்டுக் கிளம்பினார். அவள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

"எதுக்கு வர்றாளாம்?" என்று கேட்டாள் பச்சையம்மா.

"பேர் வைக்கணுமாம். தாத்தாதான் குழந்தை காதுல மூணு தடவை பேரைச் சொல்லணுமாம். நீங்க வரலன்னா நான் வர்றேன்னு டீக்கடைக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கா. மூணு மாசமா புள்ளையைப் பேரில்லாம வெச்சிருக்கா சாமி."

"காதுல சொல்றதுல உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

முனிரத்தினத்தின் முகம் வெளுத்துப்போனது. பச்சையம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"நீங்க ஒரு போன் போட்டுச் சொல்லுங்க சாமி. கால்ல வேணாலும் விழறேன்."

"மாட்டேன்."

"அப்போ என்னை ரூம்ல போட்டுப் பூட்டிடுங்க. வெயில் வந்ததும் தொறந்து விடுங்க."

"பூட்டலாம். நாளன்னிக்கு?"

"நான் இப்பவே எங்கயாவது போயிடறேன்."

"போங்களேன். அவனும் கூடத்தானே வருவான்?"

"எவன் சாமி?"

"தினமும் வர்றானே, அவன்தான்."

முறம் மட்டும் சர் சர் என்று சத்தம் போட்டது. வெளியே நல்ல வெயில். ஏரியில் கொக்கு நின்றிருந்தது. முனிரத்தினத்துக்கு மட்டும் குளிர் எடுத்தது.

"சாமி, உங்களுக்கும் கேக்குதா?"

"மூணு வருஷமா."

"சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே. பூட்ஸு போட்ட கால். வலது காலை லேசா இழுத்துக்கிட்டு வருவான். கேட்டுக்குப் பன்னெண்டு தப்படி இருக்கும்போது நின்னுடுவான்."

முனிரத்தினம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காலடிச் சத்தத்தைப் பற்றி அவர் பலரிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, காலடியும் வந்தது. பூசாரி கயிறு கட்டினார். கயிறு அறுந்தது, காலடி வந்தது. ஆனால் வலது கால் இழுக்கும் என்று அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

"அவன் பேரு இன்னா?" என்று கேட்டாள் பச்சையம்மா.

"செங்கல்வராயன்."

இருபத்திரண்டு வருடம் கழித்து அந்தப் பெயரைச் சொன்னார். சொன்னதும் மீதியும் வந்துவிட்டது.

"சண்டை நடந்துக்கிட்டிருந்துச்சு சாமி. பனிமலை. மேல ஒரு காவல் பாறை, கீழ பங்கர். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருத்தன் மாத்தணும். மாத்த வர்றவன் பன்னெண்டு தப்படியில நின்னு அன்னிக்கு வெச்ச அடையாளச் சொல்லைச் சொல்லணும். எங்க ஆளுங்க எல்லாம் தமிழ் ஆளுங்க. அதனால ழகரம் வர்ற சொல்லா பாத்து வைப்போம். எதிராளிக்கு நாக்கு புரளாதுன்னு ஒரு நெனப்பு."

"சரி."

"அன்னிக்குச் சாயங்காலம் தகவல் வந்துச்சு. பக்கத்துப் பாறையில எதிராளி நம்ம சொல்லைச் சொல்லிக்கிட்டே ஏறி வந்து மூணு பேரைக் கொன்னுட்டான். உடனே சொல்லை மாத்திட்டாங்க. பழைய சொல்லை எவன் சொன்னாலும் சுடுன்னு ஆர்டர்."

"புதுச் சொல்லை யாரு யாருக்குச் சொல்லணும்?"

கேள்வி சரியான இடத்தில் விழுந்தது.

"மேல போறவன், அடுத்து வரப்போறவன் காதுல சொல்லிட்டுப் போகணும். சத்தமா சொல்லக் கூடாது. காதுலதான்."

"சொன்னீங்களா?"

"ரெண்டு நாள் தூங்காதவன் சாமி. வலது கால் விரல்ல பனி கடிச்சு வீங்கியிருந்துச்சு. ஈர சாக்ஸை நெஞ்சு மேல வெச்சுக் காயவெச்சுக்கிட்டு வாயைத் தொறந்து தூங்கிக்கிட்டிருந்தான். இருபத்தி நாலு வயசு. எழுப்ப மனசு வரல. வரும்போது எவனாவது சொல்லி அனுப்புவான்னு போயிட்டேன்."

பச்சையம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"விடியற நேரம். கண்ணு தெரியாத பனி. வந்தான். நின்னான். யாருன்னு கேட்டேன். 'வாழை'ன்னான். பழைய சொல்லு."

அவர் வலது கை ஆள்காட்டி விரல் தானாக மடங்கியது.

"ழகரம் அவ்ளோ சுத்தமா வந்துச்சு சாமி. இது அவன்தான்னு காது சொல்லிடுச்சு. விரல் முந்திக்கிச்சு."

ஏரியில் நின்றிருந்த கொக்கு பறந்துபோனது.

"விசாரணையில இன்னா சொன்னீங்க?"

"கேட்டேன், பழைய சொல்லைச் சொன்னான், சுட்டேன்னேன். புதுசை மறந்துட்டான்னு அவங்களே எழுதிக்கிட்டாங்க. நான் அவன்கிட்ட சொல்லவே இல்லன்னு சொல்லல. லீவுல அவன் வீட்டுக்குப் போனேன். அவங்க அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. எம்புள்ள சின்ன வயசுலேருந்தே மறதிக்காரன், உன் கையில பாவத்தைக் கட்டிட்டுப் போயிட்டான், மன்னிச்சுக்கப்பான்னாங்க. என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க சாமி! அப்புறம் சாப்புட்டுத்தான் போகணும்னு ஒரு சொம்பு நெறைய ஊத்திக் குடுத்தாங்க. நான் குடிச்சேன்."

"எதை?"

முனிரத்தினம் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"புதுசா வெச்ச சொல்லு இன்னா, பட்டாளத்தாரே?"

அவர் கையைத் தூக்கி அடுப்படியைக் காட்டினார். அங்கே நாளைக் காலைக்கான கூழ்ப்பானை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

பச்சையம்மா தலையாட்டினாள். மூன்று வருடமாக இந்த மனிதர் அந்தப் பானையைத் தூக்கியிருக்கிறார், துலக்கியிருக்கிறார், வருகிறவர்களுக்கு எல்லாம் ஊற்றியும் கொடுத்திருக்கிறார். ஒருநாளாவது அதன் பெயரைச் சொன்னதில்லை. 'அது' என்பார். 'அதைக் கொஞ்சம் ஊத்துங்க' என்பார். பட்டாளத்துக்காரருக்கு நம்ம ஊர்ச் சாப்பாடு கேவலமாகிவிட்டது என்று கன்னியப்பன்கூடக் கேலி செய்வதுண்டு.

"தினமும் அவன் வந்து நின்னுட்டு இன்னா பண்றான்?"

"சும்மா நிக்கிறான்."

"நீங்க?"

"யாருன்னு கேப்பேன். பதில் வராது."

"எப்படி வரும்? நீங்க இன்னும் அவனுக்குச் சொல்லவே இல்லையே."

முனிரத்தினம் அவளைப் பார்த்தார்.

"காவல்ல நிக்கிறவன் எடத்தை விட்டு எப்படிச் சாமி போறது? மாத்த ஆள் வராம ஒரு தப்படி நகரக் கூடாது."

பச்சையம்மா எழுந்து புடவையிலிருந்த உமியைத் தட்டினாள்.

"நாளைக்குக் கொஞ்சம் கூட ஊற வைக்கணும். ஆளுங்க வர்றாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பனி கேட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தது.

முனிரத்தினம் தன் இடத்தில் நின்றிருந்தார். கேட்டுக்கு நேர் நடுவில். கையில் கம்பு. எதிரே வேப்பமரம் இருக்க வேண்டும், தெரியவில்லை. ஏரிக்கரை இருக்க வேண்டும், அதுவும் தெரியவில்லை. அடுப்படியில் விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

கன்னியப்பன் இன்னும் வரவில்லை. இந்தப் பனியில் ஆடு பட்டியை விட்டு நகராது.

கரைக்கு அந்தப் பக்கம் முதல் பஸ் ஹாரன் அடித்தது. நின்றது. மறுபடியும் கிளம்பிப் போனது.

முனிரத்தினம் எண்ண ஆரம்பித்தார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து கேட் வரைக்கும் முந்நூறு தப்படி. குழந்தையோடு வருகிறவளுக்கு இன்னும் கூடவே ஆகும்.

காலடி கேட்டது.

ஒரு கால் பதிந்தது. ஒரு கால் இழுத்தது.

'அவன்தான்' என்று நினைத்தார். அடுத்த நொடியே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்பு வழுக்கிக் கரையேறுகிறவளும் இப்படித்தான் காலை இழுப்பாள் என்று தோன்றியது. அவன் என்றால் கம்பு வேண்டும். அவள் என்றால் கம்பு கூடாது. பனி இரண்டு பேருக்கும் ஒரே முகத்தைத்தான் வைத்திருந்தது.

காலடி நின்றது. பன்னிரண்டு தப்படி.

"நில்! யாரு வர்றது?"

பதில் இல்லை.

கம்பு மெல்ல உயர்ந்தது. அவர் உயர்த்தவில்லை, கை உயர்த்தியது. அவர் தன் கையைப் பார்த்துப் பயந்தார். இதை நான் சத்தியமாகச் சொல்வேன், அந்த மனிதர் உலகத்தில் வேறு எதற்கும் அப்படிப் பயந்ததில்லை.

யாரோ கம்பின் மறுமுனையைப் பிடித்தார்கள்.

"குடுங்க இப்படி" என்றாள் பச்சையம்மா.

"சாமி, நகருங்க! உள்ள போங்க!"

"காவலுக்கு நான் நிக்கிறேன். நீங்க போயி சொல்லிட்டு வாங்க."

"சாமி..."

"மாத்த ஆள் வந்தாச்சு பட்டாளத்தாரே. விடுங்க."

அவள் பிடுங்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். ஒவ்வொரு விரலாக அவர் விட்டார்.

நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

ஐந்தாவது தப்படியில் திரும்பிப் பார்த்தார். கேட் இல்லை. பச்சையம்மா இல்லை. வெறும் வெள்ளை. ஏழு, எட்டு. மார்கழிக் குளிர் போய் அந்த மலைக் குளிர் வந்திருந்தது. காதோரம் சுரீரென்று வலித்தது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டு.

யாரும் இல்லை.

ஆனால் வாசனை இருந்தது. துப்பாக்கி எண்ணெய். ஈரக் கம்பளி. காயாத சாக்ஸ்.

செங்கல்வராயன் குள்ளம். அவர் தோளுக்குத்தான் வருவான். முனிரத்தினம் அந்த உயரத்துக்குக் குனிந்தார். வெறும் பனியிடம் வாயைக் கொண்டுபோனார்.

"டேய், செங்கல்வராயா. எழுந்திரு."

பனி அசையவில்லை.

"சொல்லு மாறிப்போச்சுடா. சாயங்காலமே மாத்திட்டாங்க. நீ தூங்கிட்டிருந்த. எனக்கு எழுப்ப மனசு வரல. நீ மறக்கலடா. நான்தான் சொல்லல."

அவர் அழுதார். தொண்டையில் இருபத்திரண்டு வருடமாகச் சிக்கிக்கிடந்ததை, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல அவ்வளவு மெதுவாக அந்தக் காதில் சொன்னார். பக்கத்தில் நின்றிருந்தால் உங்களுக்கும் எனக்கும்கூடக் கேட்டிருக்காது.

கன்னத்தில் சூடாக ஒரு மூச்சு பட்டது.

திரும்பி நடந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்ததில் பன்னிரண்டு தப்படி பதினைந்து ஆனது. கேட் தெரிந்தது. பச்சையம்மா ஒதுங்கிக்கொண்டாள். அவர் தன் இடத்தில் போய் நின்று பனியைப் பார்த்துத் திரும்பினார். கையை நீட்டினார்.

அவள் கம்பைத் தரவில்லை.

"இப்பக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெறும் கையோடு காவல் நிற்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"நில்" என்றார். குரல் உடைந்தது. "யாரு வர்றது?"

பனிக்குள் ஏதோ அசைந்தது.

"கூழ்."

பெண்குரல்.

முனிரத்தினத்தின் ஆள்காட்டி விரல் மடங்கவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேணுகா வெளியே வந்தாள். தலையில் முக்காடு, செருப்பெல்லாம் சேறு. மார்போடு சேர்த்துப் போர்வையில் சுற்றிய குழந்தை. நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா."

அவர் அவள் தோளைத் தொட்டார். எந்தத் தோள் என்று உங்களுக்குத் தெரியும்.

"வலிக்குதாம்மா?"

"இல்லப்பா. இப்ப இல்ல."

இந்தத் தடவை அது பொய்யில்லை என்று அவருக்குப் புரிந்தது. கொஞ்சம் கழித்துத்தான் மற்றது உறைத்தது.

"ஏம்மா, அந்தச் சொல்லு உனக்கு எப்படித் தெரியும்?"

"எந்தச் சொல்லு? கூழா?" ரேணுகா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "பஸ்ஸை விட்டு எறங்கினா ஒண்ணுமே தெரியலப்பா. முன்னால ஒரு தம்பி போய்க்கிட்டிருந்தாரு. பட்டாளத்து ஆள் மாதிரி, பச்சை கம்பளி. காலை இழுத்து இழுத்து நடந்தாரு. அவர் பின்னாலயே வந்தேன். இங்க வந்ததும் நின்னுட்டாரு. நானும் பயந்துபோய் நின்னுட்டேன்."

"அப்புறம்?"

"யாரோ வந்து அவர்கிட்ட காதுல பேசிட்டுப் போன மாதிரி இருந்துச்சு. பனியில சரியாத் தெரியல. அதுக்கப்புறம் அவர் என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு. 'அப்பா கேட்டா கூழ்னு சொல்லுக்கா, விட்டுடுவாரு'ன்னாரு."

முனிரத்தினம் ஏரிக்கரைப் பக்கம் பார்த்தார். வேப்பமரத்தின் அடி தெரிய ஆரம்பித்திருந்தது. அங்கே யாரும் இல்லை.

"அவன் எங்கம்மா?"

"இன்னாப்பா கேக்கறீங்க? எனக்கு முன்னாடியே உள்ள போனாரே. நீங்கதானே ஒதுங்கி வழி விட்டீங்க."

முனிரத்தினம் குனிந்து தன் காலைப் பார்த்தார். கேட்டுக்கு நேர் நடுவில் நின்றவர், இப்போது ஓரமாக, கம்பத்தில் முதுகு உரச நின்றிருந்தார்.

"புள்ளைக்குப் பேரைச் சொல்லுங்கப்பா" என்று ரேணுகா குழந்தையை நீட்டினாள்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கனமே இல்லை.

"சொல்றேம்மா. கொஞ்சம் இரு."

குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி, கேட்டுக்கு முதுகைக் காட்டி அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"சாமி" என்று கூப்பிட்டார். "கூழ் ஊத்துங்க. முதல்ல அவனுக்கு."